காயத்தைத் தாண்டிய இழை எது? எலிக்குட்டியின் தண்டுவட ஸ்லைஸில் ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு இதுதான். தென் சென்னையில் ஓர் ஆய்வகம், மே மாதம். பிறந்து ஒரு நாளான விஸ்டார் எலிக்குட்டிகளின் கழுத்துத் தண்டுவடத்தை நீளவாக்கில் ஸ்லைஸ் போட்டு, சவ்வின் மேல் வைத்து வளர்த்தார்கள். ஒரு தட்டில் வளர்ப்பின் 4ஆம் நாளிலும், இன்னொன்றில் 21ஆம் நாளிலும் ஸ்லைஸைக் குறுக்கே வெட்டினார்கள். வெட்டி ஏழு நாள் கழித்து, நரம்பிழைகளைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் சாயம் ஏற்றிப் பார்த்தால், இரண்டு தட்டிலுமே இழைகள் (நரம்புச் செல்லிலிருந்து நீளும் ஆக்சான்கள்) வெட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருந்தன. 4ஆம் நாள் தட்டில் அது எதிர்பார்த்ததே. 21ஆம் நாள் தட்டில் அப்படி இருக்கக் கூடாது.

ஏன் கூடாது என்பதற்குச் சுருக்கமான பின்னணி போதும். பாலூட்டியின் தண்டுவடம் வளர்ச்சியின் தொடக்கத்தில் காயத்தைத் தாண்டி வளரும். பிறகு அந்தத் திறன் சில நாட்களுக்குள் மறைந்துவிடும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது மோனோடெல்ஃபிஸ் எனும் தென்னமெரிக்க ஓபோசம். கரு முதிராமலே குட்டி பிறந்துவிடுவதால், பிறந்த குட்டியின் மூளையும் தண்டுவடமும் கருவிலிருக்கும் எலியுடையதைப் போலவே இருக்கும். ஜான் நிக்கல்ஸ் குழுவினர் 1990களில் அதன் நரம்பு மண்டலத்தை முழுசாக வெளியே எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். பிறந்து 9 நாளான குட்டியின் கழுத்துத் தண்டுவடத்தில் இழைகள் காயத்தைக் கடந்தன. 12ஆம் நாளில் கடக்கவில்லை. சுண்டெலித் தண்டுவட ஸ்லைஸில் பாசல் பல்கலைக்கழகத்தின் கப்ஃஹாமர் ஆய்வகம் 2008இல் இதே போக்கைக் கண்டது: இளம் ஸ்லைஸில் வெட்டினால் தாராளமாகக் கடக்கும், முதிர்ந்ததில் குறைந்துவிடும். இழைகளைச் சுற்றும் கொழுப்புறையான மையலின் உருவாவதும், அதிலுள்ள நோகோ-ஏ போன்ற தடைப் புரதங்களும், ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்கள் காயத்தில் உண்டாக்கும் தழும்பும், நியூரானுக்குள்ளேயே வளர்ச்சித் திறன் அடங்கிப்போவதும் சேர்ந்தே இந்தக் கதவை மூடுகின்றன. எது முதல் காரணம் என்பதில் விவாதம் ஓயவில்லை.

ஆகவே 21ஆம் நாள் தட்டைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அதைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது. அந்த விசாரணை போகப்போக 4ஆம் நாள் தட்டின் மீதும் கேள்வி எழுப்பியது. சரியாகத் தோன்றும் முடிவை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதால் அந்தப் பகுதிதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்லைஸ் உருவான விதம்

திசு எடுப்பதற்காக மட்டும் குட்டியைக் கொல்வதென்றாலும் நிறுவனத்தின் விலங்கு அறநெறிக் குழுவில் படிவம் பி-யில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். குட்டிகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். சினை எலியைப் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே வரவழைப்பது நல்லது. கடைசி நாளில் வெயிலில் வண்டியில் வந்த தாய், குட்டிகளைத் தின்றுவிடுவது உண்டு.

தலை துண்டித்த குட்டியை 70% எத்தனாலில் துடைத்து, பனிக்கட்டி மேல் வைத்த தட்டில் மல்லாத்திப் பிடித்து, முன்பக்கமாக முள்ளெலும்பு உடல்களை வான்னஸ் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டித் திறக்க வேண்டும். கரைசல்: ஹெப்பஸ் சேர்த்த ஹேங்க்ஸ் உப்புநீர், லிட்டருக்கு 6 கிராம் குளுக்கோஸ், 1 மில்லிமோலார் கைனூரெனிக் அமிலம். கடைசியாகச் சொன்னது குளுட்டமேட் ஏற்பிகளை அடைப்பது. அது இல்லாவிட்டால் வெட்டும்போது சிந்தும் குளுட்டமேட்டே அக்கம்பக்க நியூரான்களைக் கொன்றுவிடும். குட்டி ஒன்றுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் முன்கொம்பின் (தண்டுவடத்தின் முன்பக்கச் சாம்பல் பகுதியின்) பெரிய நியூரான்கள்தான் முதலில் போகும்.

மூளையுறையை உரிப்பதில் பொறுமை வேண்டும். நுனி மெலிந்த 5ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டால், மேல் முனையில் பிடித்து, காலுறை கழற்றுவதுபோல் கீழ்நோக்கி இழுத்தால் நரம்பு வேர்களும் கூடவே வந்துவிடும். வேர்களோடு ஒட்டியிருக்கும் நியூரான் திரள்களான பின்வேர் முடிச்சுகள், அதாவது டி.ஆர்.ஜி., ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இந்த வாக்கியம் பெரும்பாலான நெறிமுறைகளில் ஒரு வரியாகத்தான் இருக்கும். இந்த நிகழ்வில் பாதிப் பிரச்சினை அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

மெக்கில்வெய்ன் சாப்பர் எனும் திசு நறுக்கியில் 350 மைக்ரான் தடிமனில் சாகிட்டல் (நீளவாக்கு) ஸ்லைஸ். பிளேடின் எண்ணெய்ப் பூச்சை அசிட்டோனிலும் எத்தனாலிலும் கழுவி எடுத்த பிறகே மாட்ட வேண்டும். ஒரு கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாறு ஸ்லைஸ் விழும். ஓரத்து இரண்டை எறிந்துவிட்டு நடுவில் உள்ள மூன்று நான்கைத்தான் எடுக்கலாம். 0.4 மைக்ரான் துளையுள்ள, 30 மி.மீ. விட்டமுள்ள இன்சர்ட்டில் (அடியில் சவ்வுள்ள சிறு கிண்ணம்) இரண்டு ஸ்லைஸ். ஆறு கிணறு தட்டில் கிணறு ஒன்றுக்கு 1 மி.லி. மீடியம். ஸ்டோப்பினியின் 1991ஆம் ஆண்டு முறைதான்: 50% எம்.இ.எம்., 25% ஹேங்க்ஸ், 25% வெப்பத்தில் செயலிழக்கச் செய்த குதிரை சீரம், மொத்த குளுக்கோஸ் லிட்டருக்குச் சுமார் 6.5 கிராம், 2 மில்லிமோலார் குளுட்டமேக்ஸ். மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றம். ஸ்லைஸின் மேல் மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருக்க வேண்டும். குளம்போல் நின்றால் ஆக்சிஜன் போகாமல் நடுப்பகுதி கறுத்துச் சாகும்.

இங்கே சென்னைக்கே உரிய தொல்லை ஒன்று. ஏசி அறை 22 டிகிரி, இன்க்யுபேட்டர் 37. தட்டை வெளியே எடுத்த இரண்டே நிமிடத்தில் மூடியின் உள்பக்கம் வியர்த்து, துளி ஸ்லைஸ் மேலேயே சொட்டும். தட்டை வைக்கும் மேடையைச் சுடாக்கி வைத்துக்கொள்வதும், மூடியைச் சாய்த்துத் திறப்பதும் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை வேறு. இன்க்யுபேட்டரின் தண்ணீர்த் தட்டில் ஆட்டோகிளேவ் செய்த வடிநீர்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிவதோடு பூஞ்சையையும் நாமே கொண்டுவந்து விட்டதாகும்.

முதல் சந்தேகம்: வெப்பம்

அந்த மே மாதத்தில் ஒரு மதியம் கரண்ட் போய், ஜெனரேட்டர் இன்க்யுபேட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தது, ஏசிக்குக் கொடுக்கவில்லை. சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்க்யுபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை வெப்பநிலை செட் செய்த அளவைவிட ஐந்து டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் அது கட்டுப்பாட்டில் நிற்கும். அறை 35ஐத் தொட்டால், உள்ளே மோட்டாரும் கதவு ஹீட்டரும் தரும் சூடு வெளியேற வழியின்றி 37 தானாகவே 39, 40 என்று ஏறும். கத்திரி வெயில் காலத்தில் இது அபூர்வமே அல்ல. திரையில் தெரியும் எண்ணை யாரும் அந்த நேரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே போட்ட, வெப்பநிலையைத் தானே பதிவுசெய்யும் தனி டேட்டா லாகர்தான் சொன்னது.

ஆய்வகக் கூட்டத்தில் வெப்பத்தின் மேல்தான் முதலில் பழி விழுந்தது. ஆனால் திசையைப் பாருங்கள். சில மணி நேரம் 40 டிகிரியில் கிடந்த ஸ்லைஸில் நியூரான்கள் சாகும், இழைகள் மணிமணியாக வீங்கி அறுபடும். அதாவது கடக்கும் இழைகளின் எண்ணிக்கையை வெப்பம் குறைக்கும், கூட்டாது. இங்கே விளக்க வேண்டியது கூடுதலை. வெப்பத்தைச் சரிசெய்தாக வேண்டும்: அறை ஏசியையும் ஜெனரேட்டர் இணைப்பில் சேர்த்தார்கள், ஒவ்வொரு தட்டின் பதிவேட்டிலும் லாகர் வரைபடத்தை ஒட்டினார்கள். ஆனால் இந்தப் புதிருக்கு அது விடையாகாது.

இரண்டாம் சந்தேகம்: வெட்டே முழுசாக விழவில்லை

350 மைக்ரானில் வைத்த ஸ்லைஸ் மூன்று வாரத்தில் படர்ந்து 150 மைக்ரானுக்கும் கீழே மெலிந்துவிடும். அதே சமயம் அது சவ்வோடு இறுகப் பிடித்திருக்கும். 4ஆம் நாள் ஸ்லைஸ் இன்னும் மெத்தென்று இருப்பதால் பிளேடு எளிதில் இறங்கும், இரு பக்கமும் விலகி இடைவெளி கண்ணுக்குத் தெரியும். 21ஆம் நாளில் பிளேடை அழுத்தினால் கீழிருக்கும் சவ்வு தொட்டில்போல் வளைந்து கொடுக்கும். மேல் திசு அறும், சவ்வை ஒட்டியிருக்கும் அடியடுக்கு இழைகள் தப்பிக்கும். மேலிருந்து ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோடு சுத்தமாக விழுந்ததாகவே தெரியும்.

தப்பிய இழைக்கும் புதிதாக வளர்ந்த இழைக்கும் தோற்றத்தில் வேறுபாடு உண்டு. தப்பியது நேராக, ஒரே தடிமனில், பக்கத்து இழைகளுக்கு இணையாக, வெட்டின் இரு கரையிலும் தடம் மாறாமல் ஓடும். புதியது வளைந்து நெளியும், கிளைக்கும், முடிச்சு முடிச்சாக இருக்கும், சில இடங்களில் வளர்கூம்பில் (வளரும் இழையின் நுனியில்) முடியும். கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த பட அடுக்குகளை ஆழவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 21ஆம் நாள் தட்டில் கடந்திருந்தவற்றில் பெரும்பகுதி சவ்வை ஒட்டிய கடைசி 20 மைக்ரானுக்குள் நேராக ஓடிக்கொண்டிருந்தன. மேலடுக்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தொகுத்த ஒற்றைப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லா ஆழமும் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிவிடும்.

தோற்றத்தை மட்டும் நம்பி முடிவெழுதக் கூடாது. அதற்குத்தான் பூஜ்ய நேரக் கட்டுப்பாடு: ஒவ்வொரு முறை வெட்டும்போதும் சில ஸ்லைஸை வெட்டிய அரை மணி நேரத்துக்குள் ஃபிக்ஸ் செய்து (வேதிக் கரைசலால் திசுவை அந்த நிலையிலேயே நிறுத்தி), மற்றவற்றோடு சேர்த்தே சாயம் ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் எந்த இழையும் வளர்ந்து கடக்காது. அங்கே கடந்து தெரிவது எல்லாம் தப்பியதே. மே மாத ஆய்வில் இந்தக் கட்டுப்பாடு 4ஆம் நாள் தட்டுக்கு வைக்கப்பட்டது, 21ஆம் நாள் தட்டுக்கு வைக்கப்படவில்லை. முதிர்ந்ததில் எப்படியும் ஒன்றும் கடக்காது என்ற எதிர்பார்ப்பே அதற்குக் காரணம்.

வெட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. 11ஆம் எண் ஸ்கால்பெல்லை மேலிருந்து அழுத்துவதற்குப் பதிலாக, ரேசர் பிளேடில் உடைத்தெடுத்த சில்லைச் சாய்த்துப் பிடித்து, சவ்வின் மேல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இன்சர்ட்டை மலட்டு சிலிக்கோன் தட்டின் மேல் வைத்தால் சவ்வு தொய்யாது. சவ்வு கிழிந்தால் மீடியம் மேலே பொங்கி ஸ்லைஸ் மூழ்கும். அந்தக் கிணற்றை அப்போதே தள்ளுபடி செய்துவிடலாம். வெட்டியபின் மெல்லிய டங்ஸ்டன் ஊசியைக் கோட்டின் வழியே ஒருமுறை இழுத்தால், அறுபடாத இழைக்கற்றை இருந்தால் ஊசி திக்கும். கைக்குப் பழகிவிட்டால் இதுவே போதிய எச்சரிக்கை.

மூன்றாம் சந்தேகம்: வேறு ஊர்க்காரர்கள்

சரியாக வெட்டியபின்னும், மீண்டும் செய்த தட்டுகளில் சில ஸ்லைஸ்களில் மட்டும் 21ஆம் நாள் வெட்டைத் தாண்டிக் கற்றை கற்றையாக இழைகள் வந்தன. நெளிந்து, கிளைத்து, உண்மையான வளர்ச்சியாகவே. ஆனால் எல்லாம் ஸ்லைஸின் ஓரத்திலிருந்தே புறப்பட்டன.

பின்வேர் முடிச்சின் நியூரான்கள் புறநரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இழைகள் வயதானபின்னும் வளரும், கூடவே ஷ்வான் செல்களையும் (புறநரம்பு இழைகளைப் போர்த்தும் செல்கள்) அழைத்துக்கொண்டு வரும். உரிக்கும்போது அரைகுறையாக மிஞ்சிய ஒரே ஒரு முடிச்சு போதும், மூன்று வாரத்தில் ஸ்லைஸ் முழுக்க இழை பரப்பிவிடும். நியூரோஃபிலமென்ட் சாயம் மைய இழை எது, புற இழை எது என்று பிரித்துக் காட்டாது. பெரிஃபெரின், சி.ஜி.ஆர்.பி. சாயங்கள் முடிச்சின் நியூரான்களைக் காட்டும். ஆனால் இயக்க நியூரான்களிலும் இவ்விரண்டும் இருப்பதால் கூடவே இயக்க நியூரான்களைக் காட்டும் கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபெரேஸ் சாயமும் ஏற்றிப் பிரித்தறிய வேண்டும். இதைவிடச் சுலபமான வழி, ஸ்லைஸ் போட்ட அன்றே இருண்டபுல வெளிச்சத்தில் ஓரத்தைத் துருவிப் பார்த்து, உருண்டையாக ஒளிரும் முடிச்சு எதுவும் ஒட்டியிருந்தால் அந்த ஸ்லைஸைத் தூக்கிப்போடுவது. எண்ணிக்கை குறைகிறதே என்று கை தயங்கும். தயங்கினால் பிறகு மூன்று வாரமும் சேர்ந்தே வீணாகும்.

முடிச்சில்லாத, முழுசாக வெட்டிய ஸ்லைஸ்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 21ஆம் நாள் தட்டு முந்தைய ஆய்வுகள் சொல்வதற்கே திரும்பியது. இழைகள் வெட்டின் கரைவரை வந்து திரும்பிக்கொண்டன, ஆஸ்ட்ரோசைட்டைக் காட்டும் ஜி.எஃப்.ஏ.பி. சாயத்தில் அந்தச் செல்கள் கரையில் அடர்ந்திருந்தன, மையலின் புரதம் இருபுறமும் நிறைந்திருந்தது.

இனி 4ஆம் நாள் தட்டு

இளம் ஸ்லைஸில் வெட்டு முழுசு, முடிச்சு இல்லை, பூஜ்ய நேரத்தில் கடந்த இழை இல்லை, ஏழாம் நாளில் ஏராளம். இதை மீளுருவாக்கம் என்று எழுதலாமா? எங்கள் கருத்தில், இன்னும் இல்லை.

வளர்ச்சிப் பருவத்துத் தண்டுவடத்தில் எல்லா இழையும் ஒரே நாளில் புறப்படுவதில்லை. எலியின் பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் இழைகள் பிறப்பையொட்டித்தான் கழுத்துப் பகுதியை எட்டுகின்றன. இடுப்புப் பகுதிக்குப் போக மேலும் பல நாள் ஆகும். ஸ்லைஸில் மூளை இல்லாததால் அந்த இழைகள் சில நாளில் சிதைந்துபோகும். மிஞ்சுவது தண்டுவடத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடியும் இழைகள். அவற்றிலும் தாமதமாகக் கிளம்புபவை உண்டு. வெட்டும் நாளில் காயத்தின் இடத்தை இன்னும் எட்டாத இழை, பிறகு முதல்முறையாக வளர்ந்து கடந்தால் அது சாதாரண வளர்ச்சியே. வெட்டுப்பட்ட அதே இழை மீண்டும் நீண்டால்தான் மீளுருவாக்கம். ஏழாம் நாள் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

பிரித்தறிய இருமுறை சாயமிடல் வேண்டும். ஸ்லைஸின் நீளம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளர்ப்பின் 3ஆம் நாள், வெட்டப்போகும் இடத்துக்கு 1.5 மி.மீ. கீழே சிறு கீறல் போட்டு, 3,000 டால்டன் ஃப்ளோரசீன் டெக்ஸ்ட்ரான் படிகத்தை வைக்க வேண்டும். அறுந்த இழைகள் அதை உறிஞ்சி, பின்னோக்கிச் செல் உடலுக்கு அனுப்பும்: அந்த நாளில் அங்கே இழை வைத்திருந்த நியூரான்கள் பச்சை. மறுநாள் குறுக்கு வெட்டு. ஏழு நாள் கழித்து வெட்டுக்குக் கீழே அரை மி.மீ. தூரத்தில் புதுக் கீறல், அதில் ரோடமீன் டெக்ஸ்ட்ரான். ஒரு நாள் பொறுத்து ஃபிக்ஸ். வெட்டுக்கு மேலே உள்ள செல் உடலில் பச்சையும் சிவப்பும் சேர்ந்திருந்தால், வெட்டுப்பட்டு மீண்டும் வளர்ந்தது. சிவப்பு மட்டும் என்றால் தாமதமாக வந்தது, அல்லது முதல் சாயம் எட்டாதது. பச்சை மட்டும் என்றால் வெட்டுப்பட்டு வளராமல் நின்றது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் சாயம் கீறிய இடத்திலேயே படிந்து கிடந்தால், பின்னால் புதிதாக வந்து சேரும் இழையும் அதை உறிஞ்சி, செல் பச்சையாகிவிடும்; தாமதமாக வந்தவர் மீளுருவாக்கக் கணக்கில் ஏறிவிடுவார். ஆகவே குறுக்கு வெட்டுப் போடும் நாளிலேயே, சாயம் வைத்த கீழ்த்துண்டை முழுசாக வெட்டி எடுத்துவிட வேண்டும். கீழ்ப்பகுதி குறுகிப்போவது விலைதான், கொடுத்தாக வேண்டியது. சாயம் இழை வழியாக அல்லாமல் திரவத்தில் கசிந்து மேலே போகிறதா என்று பார்க்க, ஒரு ஸ்லைஸில் வெட்டின் இரு துண்டையும் ஒரு மி.மீ. விலக்கி வைத்துச் சாயமிட வேண்டும். அதில் மேல்துண்டில் நிறமேறிய செல் இருந்தால் அன்றைய எண்ணிக்கை செல்லாது.

இந்தச் சோதனையும் முழு விடையல்ல. சாயத்துக்காகப் போடும் கீறலே இழைக்கு ஒரு காயம். முன்கூட்டியே காயம்பட்ட நியூரான் அடுத்த முறை வேகமாக வளரலாம். அதற்கும் முன்னால், ஸ்லைஸ் போட்டதே பெரிய காயம். 4ஆம் நாளில் வெட்டுப்படும் நியூரான் நான்கு நாளுக்கு முன்பே ஒருமுறை அறுபட்டு, வளரும் நிலையிலேயே இருக்கக்கூடும். 21ஆம் நாளில் அந்த வேகம் அடங்கியிருக்கும். அப்படியானால் இரண்டு தட்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் எவ்வளவு வயதால், எவ்வளவு முதல் காயத்திலிருந்து கழிந்த நாட்களால் என்பது இந்த வடிவமைப்பில் பிரியாது. ஒரு வாரக் குட்டியிலிருந்து ஸ்லைஸ் எடுத்து 4ஆம் நாளில் வெட்டினால் பிரிக்கலாம்தான். ஆனால் அந்த வயதுத் தண்டுவட ஸ்லைஸ் சரியாகப் பிழைப்பதில்லை, பிழைத்த சிலவற்றை மட்டும் வைத்து எண்ணினால் தேர்வுச் சாய்வு (பொறுக்கியெடுத்ததால் வரும் பிழை) வந்து சேரும். பிறந்த அன்றும், இரண்டாம் நாளும், நான்காம் நாளும் எடுத்து, ஒரே வளர்ப்பு நாளில் வெட்டி ஒப்பிடுவது நடைமுறைக்கு ஒத்துவருகிற இடைவழி.

எண்ணும் முறை

வெட்டின் நடுவே ஒரு கோடு வரைந்து அதைக் கடக்கும் இழைகளை எண்ணி, வெட்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு என்று தெரியக் கூடாது. கோப்புப் பெயரை வேறொருவர் மாற்றிக் கொடுக்கட்டும். சவ்வை ஒட்டிய அடுக்கையும் மேலடுக்கையும் தனித்தனியே எண்ணுவது இந்த நிகழ்வுக்குப் பின் சேர்ந்த விதி. புள்ளியியலில் ஒரு குட்டிதான் ஓர் அலகு. ஒரே குட்டியின் நான்கு ஸ்லைஸை நான்கு தனிச் சான்றாகக் கணக்கிட்டால் பி மதிப்பு பொய்யாக அழகாகும். ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒரே தட்டில் விழாமல், ஒவ்வொரு ஈற்றையும் இரண்டு வெட்டு நாளுக்கும் பிரித்துப் போட வேண்டும்.

திருத்திய நெறிமுறையில் தட்டு ஒன்றின் ஆறு கிணறுகளும் இப்படிப் பிரிகின்றன: நான்கு கிணறு வெட்டி வளர்க்க, ஒன்று வெட்டி உடனே ஃபிக்ஸ் செய்ய, ஒன்று வெட்டாமலே வைக்க. வெட்டாத கிணற்றின் இழை அடர்த்தி வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அந்தத் தட்டை எண்ணுவதற்கு முன்பே லாகர் வரைபடத்தையும் சீரத்தின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எடுத்துப் பார்க்கிறார்கள். சீரத்தின் லாட் மாறும்போது பழையதும் புதியதும் ஒரு தட்டிலாவது பக்கத்துப் பக்கத்துக் கிணற்றில் ஓடியிருக்க வேண்டும். புது லாட்டுக்குத் தனியே மாறிய வாரத்தின் எண்களை முந்தைய எண்களோடு சேர்ப்பதில்லை.